முகூர்த்த நேரத்தில் கைவிடாத கேமரா: தொழிலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் திருமணப் படம் எடுத்துப் பிழைப்பது என்று முடிவு செய்துவிட்ட இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கேமராவில் படம் நன்றாக வரும் என்பதுதான். கடந்த பத்து ஆண்டுகளில் வெளிவந்த ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராக்களில் எதை எடுத்தாலும், ஆல்பத்தில் அச்சிடும் அளவுக்குப் படம் நன்றாகவே வரும். அதனால் நான் அவர்களை வேறொரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். அதிகாலை நாலரை மணிக்கு, ஓமப் புகைக்கு நடுவில், கெட்டிமேளம் கொட்டும் அந்த அரை நிமிடத்தில் ஏதாவது ஒன்று பழுதானால் உங்கள் கேமரா என்ன செய்யும்? தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்லிப் படம் எடுக்க நமக்கு வாய் வராது, வரவும் கூடாது. ஆகவே தொழிலுக்கு வாங்கும் பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, அது எங்கெல்லாம் பழுதாகக்கூடும் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் பார்க்கும் வரிசையையே இங்கே தருகிறேன்.

முதலில் உங்கள் வேலையைக் கணக்கிடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், ஓராண்டில் எத்தனை முறை ஷட்டரை அழுத்துவீர்கள் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பக்கத்துக் கல்யாணம் என்றால் முதல் நாள் மாலையில் மாப்பிள்ளை அழைப்பும் நிச்சயதார்த்தமும் வரவேற்பும், மறுநாள் காலையில் முகூர்த்தமும் அதன் பிறகு நலங்கும் என்று இரண்டு நாள் வேலை. கேண்டிட், அதாவது நிற்கவைக்காமல் இயல்பாக நடப்பதைப் படம் எடுப்பவர் ஒருவர் இதில் 2,500 படங்களாவது எடுத்துவிடுவார். ஆடியையும் மார்கழியையும் கழித்து, பலர் தவிர்க்கும் புரட்டாசியையும் கழித்து, மீதி மாதங்களில் 40 கல்யாணங்கள் அமைந்தால் ஆண்டுக்கு 1,00,000 படங்கள் ஆகின்றன.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஷட்டரின் ஆயுளைப் பாருங்கள். சென்சாருக்கு முன்னால் ஓடும் மெல்லிய திரைகள்தான் ஷட்டர். கேமராவில் மிக அதிகமாக உழைக்கும் இயந்திர உறுப்பும் அதுவே. கேனான் 6டிக்கு 1,00,000, கேனான் 5டி மார்க் 3-க்கும் நிக்கான் டி750-க்கும் 1,50,000, நிக்கான் டி850-க்கும் சோனி ஏ7 மூன்றாம் மாடலுக்கும் 2,00,000, கேனான் 1டி எக்ஸுக்கு 4,00,000 என்று அவற்றைச் செய்தவர்களே அறிவித்திருக்கிறார்கள். அந்த எண்ணைத் தொட்டவுடன் ஷட்டர் நின்றுவிடும் என்று பொருளில்லை. மூன்று லட்சத்தைத் தாண்டியும் ஓடும் பாடிகளையும், எண்பதாயிரத்திலேயே திரை கிழிந்த பாடியையும் நான் பார்த்திருக்கிறேன். வண்டி டயருக்குச் சொல்லும் கிலோமீட்டர் கணக்கைப் போல, எப்போது மாற்றப் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். மேலே சொன்ன கணக்கின்படி, 1,50,000 என்று குறிக்கப்பட்ட ஷட்டர் ஒன்றரை ஆண்டில் அந்த எல்லையைத் தொடும்.

இரண்டு கார்டு ஸ்லாட்

இந்த ஒன்றில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தொழிலுக்கு வாங்கும் பாடியில் இரண்டு கார்டு ஸ்லாட் இருந்தே ஆக வேண்டும்.

என் தொடக்க காலத்தில், மன்னார்குடிக்கு அருகில் ஒரு கல்யாணத்துக்கு ஒற்றை ஸ்லாட் உள்ள பாடியோடு போயிருந்தேன். முதல் நாள் மாலை வேலை முடிந்து கார்டை லேப்டாப்பில் போட்டபோது, அது ஃபார்மேட் செய்யச் சொல்லிக் கேட்டது. மீட்கும் மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டதில் பெரும்பாலான படங்கள் திரும்பக் கிடைத்தன. தாய்மாமன் சீர் கொண்டுவந்த பகுதி மட்டும், மேலே கால்வாசி உருவமும் கீழே சாம்பல் நிறமுமாகவே வந்தது. அந்த மாமன் நான்கு நாள் விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தவர். மறுநாள் காலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னபோது, அவர் என்னைத் திட்டவில்லை. தட்டுகளை மறுபடி எடுத்து வந்து தரட்டுமா, தம்பி என்று கேட்டார். அந்தப் படத்தை எடுத்தேன். ஆனால் முதல் நாள் அவர் முகத்தில் இருந்தது அதில் இல்லை. அந்த ஆண்டே இரண்டு ஸ்லாட் உள்ள பாடிக்கு மாறினேன்.

பழைய பாடி வாங்குகிறவர்கள் மாடலின் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 2008-இல் வந்த 5டி மார்க் 2-இல் ஒரே ஸ்லாட். 2012-இல் வந்த மார்க் 3-இல் காம்பாக்ட் ஃபிளாஷுக்கு ஒன்று, எஸ்டிக்கு ஒன்று என இரண்டு. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வரிசையிலும் 2018-இல் வந்த கேனான் இஓஎஸ் ஆர், நிக்கான் இசட்6, இசட்7 மூன்றிலும் ஒற்றை ஸ்லாட்தான். 2020-இல் வந்த இசட்6 இரண்டாம் மாடலிலும் கேனான் ஆர்6-இலும் இரண்டு ஸ்லாட் வந்துவிட்டது.

இரண்டு ஸ்லாட் இருந்தால் மட்டும் போதாது. முதல் கார்டு நிறைந்த பிறகு இரண்டாவதில் எழுதும் அமைப்பில் விட்டுவிட்டால் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு படமும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும் பேக்கப் அமைப்பை மெனுவில் தேர்ந்தெடுத்து வையுங்கள். அப்போது எழுதும் வேகம் இரண்டில் மெதுவானதைப் பொறுத்தே அமையும். 5டி மார்க் 3-இல் எஸ்டி ஸ்லாட் மெதுவானது; சோனி ஏ7 மூன்றாம் மாடலில் முதல் ஸ்லாட் மட்டுமே யுஎச்எஸ் 2 என்னும் வேகமான எஸ்டி கார்டின் முழு வேகத்தைத் தரும். கெட்டிமேளம் தொடங்கியதும் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே போனால், சரியாக முடிச்சுப் போடும் இடத்தில் கேமரா மூச்சு வாங்கி நிற்கும் என்பதை இதை வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மூன்று படங்களாக எடுத்துப் பழகுங்கள்.

பன்னீர், புகை, பதர், உப்பு

பாடியின் கட்டுமானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மெக்னீசியம் உலோகக் கலவையா, பிளாஸ்டிக்கா என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். கீழே விழுந்தால் உலோகச் சட்டம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊரில் கேமராவைக் கொல்வது பெரும்பாலும் ஈரம்தான். அது நுழையும் வழிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே நுழையும்போது நாம் அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டிருப்போம். அவர்கள்மேல் தெளிப்பதில் பாதி நம் கேமராவின் மேல்தான் விழும். ஒரு துளி, படமெடுக்கும் முறையை மாற்றும் மோட் டயலின் விளிம்பில் உருண்டு, டயலுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் மறைந்துவிடுவதைக் கண்ணால் பார்க்கலாம். வெதர் சீலிங் உள்ள பாடியில் அந்த இடைவெளிக்குக் கீழே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இல்லாத பாடியில் அடுத்தது மின் தகடுதான். அட்சதையும் அப்படித்தான். மஞ்சள் தடவிய அரிசி ஒன்று ஹாட் ஷூவுக்குள் புகுந்து, ஃபிளாஷை முழுதாக உள்ளே தள்ளவிடாமல் நின்றதைக் குச்சியால் குத்தி எடுத்திருக்கிறேன்.

சீலிங் என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1-க்கு ஐபி53, லைக்கா எஸ்எல்2-க்கு ஐபி54 என்று, தூசியையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் எனச் சோதித்த தரக்குறியீடு உண்டு. திருமண வேலைக்கு நாம் வாங்கும் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே நீங்களே பாருங்கள். கார்டு மூடி, பேட்டரி மூடி இவற்றின் விளிம்பில் ரப்பரோ நுரைப்பட்டையோ இருக்கிறதா, யுஎஸ்பி மூடி இறுக உட்காருகிறதா என்று நகத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். லென்ஸின் பின்புற உலோக வளையத்தைச் சுற்றி ரப்பர் விளிம்பு இல்லை என்றால், பாடி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் தண்ணீர், லென்ஸ் பாடியோடு பொருந்தும் மவுண்ட் வழியாக இறங்கிவிடும். கேனானின் உயர்தர எல் வகை லென்ஸ்கள் சிலவற்றில் முன்புறம் ஃபில்டர் மாட்டினால்தான் சீலிங் முழுமையாகும்.

தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும் வயலில் ஜோடிப் படம் எடுக்கப் போகிறவர்கள், அறுவடை இயந்திரம் ஓடும் திசையில் நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம். பறக்கும் பதர் சென்சாரில் ஒட்டினால் ஊதுபந்துக்கு எளிதில் அசையாது. தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கடற்கரைகளில் எடுத்த அன்றே, நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் பாடியைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். உப்பு காய்ந்து படிந்தால் டயல்கள் கரகரக்கத் தொடங்கும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வரும்போது கேமராவைப் பைக்குள்ளேயே 20 நிமிடம் வைத்திருந்து எடுத்தால் கண்ணாடியில் ஆவி படியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுச் சுவரே வியர்க்கும்போது பையில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிப்பதில் வியப்பில்லை. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும் டிரை கேபினெட் வாங்க முடியாதவர்கள், காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லும், ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டரும் போட்டு வைத்தாலே போதும். நனைந்த கேமராவை அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள். அரிசித் தூள் ஒவ்வொரு துளையிலும் ஏறிவிடும். பேட்டரியைக் கழற்றி, மூடிகளைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.

இருட்டும் எல்இடியும்

ஓமம் வளர்க்கும் இடத்தில் புகை, பின்னால் பளிச்சென்ற அலங்கார விளக்கு, மணமக்களின் குனிந்த முகத்தில் நிழல். இந்த மூன்றும் சேர்ந்தால் ஃபோகஸ் தடுமாறும். எவ்வளவு மங்கிய ஒளியில் ஃபோகஸ் பிடிக்கும் என்பதை இவி என்னும் அளவில் சொல்கிறார்கள். எண் குறையக் குறைய இருட்டில் திறன் கூடும். 5டி மார்க் 3-க்கு அது மைனஸ் 2, டி750-க்கு மைனஸ் 3. 6டியில் நடுப்புள்ளிக்கு மட்டும் மைனஸ் 3 என்பதால் அதை வைத்திருப்பவர்கள் நடுப்புள்ளியிலேயே பிடித்துப் பழக வேண்டும். ஆர்6-க்கு மைனஸ் 6.5 என்கிறார்கள், அது மிக அதிக ஒளியை உள்ளே விடும் எஃப் 1.2 லென்ஸோடு அளந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மிரர்லெஸ் வாங்குகிறவர்கள் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் மயங்கி, அதிலேயே வரவேற்பு முழுவதையும் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து படங்களில் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டைகளைப் பார்த்துத் திகைக்கிறார்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் அதில் எரியும் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. அலங்கார எல்இடிகளும் எல்இடி திரைகளும் வேறு வேகங்களில் மினுக்கும். சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும் கேமராவில் அந்த மினுக்கல் பட்டையாக விழுகிறது. 2021-இல் வந்த நிக்கான் இசட்9 சென்சாரை மிக வேகமாகப் படிப்பதால் இயந்திர ஷட்டரே இல்லாமல் வந்தது. விலை குறைந்த பாடிகளுக்கு அந்த வேகம் இல்லாததால், மண்டபத்துக்குள் இயந்திர ஷட்டரையே பயன்படுத்துங்கள்; வேகத்தை 100-இல் ஒரு பங்கில் வைத்துத் தொடங்கி, நாலு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கைக்குத் தெரிந்த பாடி

கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம், ஃபோகஸ் புள்ளி மூன்றையும் மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். மெனுவுக்குள் போய் மாற்றினால் அதற்குள் மாலை மாற்றி முடித்துவிடுவார்கள். மேடைக்கு ஒன்று, ஓமத்துக்கு ஒன்று, வெளியே வெயிலுக்கு ஒன்று என்று அமைப்புகளைச் சேமித்து வைக்க டயலில் தனி இடம் இருந்தால் நல்லது. டயல் பூட்டும் இருக்க வேண்டும். கூட்டத்தில் இடுப்பில் உரசித் திரும்பிவிட்ட டயலால் கெட்ட படங்களுக்குக் கணக்கில்லை.

பேட்டரி

கேனானின் எல்பி-இ6 வகை 2008-இல் 5டி மார்க் 2-உடனும், நிக்கானின் இஎன்-இஎல்15 வகை 2010-இல் டி7000-உடனும் வந்தன. மேம்பட்ட வடிவங்களில் இரண்டும் இன்றைய மிரர்லெஸ் பாடிகள் வரை தொடர்கின்றன. இப்படி நீண்ட காலம் மாறாத பேட்டரி உள்ள வரிசையில் வாங்கினால், இரண்டாவது பாடி வாங்கும்போது பேட்டரிகளுக்கும் சார்ஜர்களுக்கும் திரும்பச் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரே அளவுகோலில் சோதித்ததில் கண்ணாடி உள்ள டி850 ஒரு சார்ஜில் 1,840 படங்களும், மிரர்லெஸ்ஸான சோனி ஏ7 இரண்டாம் மாடல் சுமார் 350 படங்களும் எடுக்கும் என்று அறிவிக்கப்பட்டவை; மிரர்லெஸ் என்றால் பாடிக்கு மூன்று பேட்டரியாவது வேண்டும் என்பதை விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, மின்சாரம் இல்லாத நாள்களில் எங்கள் பக்கத்தில் நடந்த கல்யாணங்களை, கார் சார்ஜரில் ஒவ்வொன்றாக ஏற்றிய பேட்டரிகளை வைத்துத்தான் எடுத்தேன். யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறும் பாடிக்கு அன்றிலிருந்து நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன்.

பழைய பாடியைக் கையில் வாங்கும்போது

புதியவர்களில் பெரும்பாலானவர்கள் பழையதைத்தான் வாங்குவார்கள், அதில் தவறில்லை. நன்கு பார்த்து வாங்கிய பழைய தொழில்முறைப் பாடி, அதே விலைக்குக் கிடைக்கும் புதிய தொடக்கநிலைப் பாடியைவிட நம் வேலைக்குப் பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன். ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு, சொந்த லென்ஸ், கார்டு, ஃபிளாஷ், லேப்டாப்போடு பகல் வெளிச்சத்தில் போங்கள்.

முதலில் பில்லில் உள்ள வரிசை எண்ணும் பாடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு கேமராவைக் கவிழ்த்து அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களின் தலையைப் பாருங்கள். அவற்றில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேட்டாக வேண்டும். மவுண்ட் மூடியைக் கழற்றியதும் முகர்ந்து பாருங்கள். பரணில் கிடந்த பழைய புத்தகத்தின் வாடை வந்தால் அது ஈரத்தில் கிடந்த கேமரா. அடுத்து கைபேசி வெளிச்சத்தைக் கார்டு ஸ்லாட்டுக்குள் அடித்துப் பாருங்கள். காம்பாக்ட் ஃபிளாஷ் ஸ்லாட் என்றால் அதிலுள்ள 50 ஊசிகளில் ஒன்று சாய்ந்திருந்தாலும் வாங்க வேண்டாம்.

மவுண்டிலிருந்து சென்சார் வரையுள்ள தூரம் கேனான் இஎஃப் மவுண்டில் 44 மில்லிமீட்டர், நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மில்லிமீட்டர், சோனி இ மவுண்டில் 18 மில்லிமீட்டர். பாடி எங்கேனும் விழுந்து இந்தத் தூரம் ஒரு பக்கம் இம்மி மாறினாலும் படத்தின் ஒரு ஓரம் மங்கிவிடும். அன்றைய செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டி, நேராக நின்று, லென்ஸை முழுதாகத் திறந்து எடுத்துவிட்டு நான்கு மூலைகளிலும் எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால், வேறொரு லென்ஸை மாட்டி மறுபடி எடுத்து, குற்றம் லென்ஸிலா பாடியிலா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு வெள்ளைச் சுவரை நோக்கி அதன் உச்ச ஷட்டர் வேகத்தில் பத்துப் படங்கள் எடுங்கள். பத்திலும் வெளிச்சம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் ஓரத்தில் இருண்ட பட்டை விழுந்தாலும் ஷட்டர் திரைகள் சமமாக ஓடவில்லை என்று பொருள். அதே சுவரை எஃப் 16-இல் எடுத்தால் சென்சார் மேலுள்ள தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். தூசியைத் துடைக்கலாம், கீறலைத் துடைக்க முடியாது. ஃபிளாஷை மாட்டி ஆட்டிப் பார்த்து ஐம்பது முறை எரியவிடுங்கள். நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்களில் கிடக்கும் ஃபிளாஷ்களில் சில, டிரிகர் முனையில் அதிக மின்னழுத்தம் உள்ளவை என்பதால் அவற்றை நேரே ஹாட் ஷூவில் மாட்டாமல் ரேடியோ டிரிகர் வழியாகவே எரிய வையுங்கள். கடைசியாக 20 நிமிடம் வீடியோ ஓடவிட்டு, சூடேறிய நிலையில் பொத்தான்கள் எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

ஷட்டர் கவுண்ட்டை, அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை ஓடியது என்பதை, விற்பவர் வாய்ச்சொல்லாக ஏற்க வேண்டியதில்லை. நிக்கானில் எடுத்த படக் கோப்போடு சேர்ந்து பதிவாகும் எக்ஸிஃப் தகவலிலேயே அந்த எண் இருக்கும். கேனானில் பெரும்பாலான மாடல்களில் படத்தில் அது பதிவாவதில்லை. கேமராவைக் கம்பி வழியாக லேப்டாப்பில் இணைத்து, அதற்கான மென்பொருளில் பார்க்க வேண்டும்.

பராமரிப்பும் முதல் நாள் இரவும்

நமக்குப் பாடி பழுதானால் பெரும்பாலும் சென்னை வரை அனுப்ப வேண்டியிருக்கிறது. திரும்பி வர எத்தனை வாரமாகும் என்பது நம் கையில் இல்லை. அதனால் ஆடியிலும் மார்கழியிலும், முகூர்த்தம் இல்லாத நாள்களிலேயே, பாடியைச் சுத்தம் செய்யவும் சோதிக்கவும் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது பாடி வாங்க வசதி வந்ததும், கூடியவரை அதே மாடலையே வாங்குங்கள். கைப்பழக்கமும் பேட்டரியும் கார்டும் ஒன்றாகவே இருக்கும்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு, இரண்டு பாடிகளின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக்குங்கள்; ஆல்பத்துக்குப் படங்களை வரிசைப்படுத்தும்போது இதன் அருமை தெரியும். கார்டுகளைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, பேக்கப் அமைப்பு இயங்குகிறதா என்று ஒரு படம் எடுத்து, ஒவ்வொரு கார்டிலும் திறந்து பாருங்கள். வேலை முடிந்ததும் ஒரு கார்டு உங்கள் சட்டைப் பையிலும் மற்றொன்று உதவியாளரிடம் வேறு வண்டியிலும் வீடு வந்து சேரட்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகல் எடுத்து, இரண்டிலும் படங்களைத் திறந்து பார்த்த பிறகே அந்தக் கார்டுகளை மறுபடி ஃபார்மேட் செய்யுங்கள்.